பச்சை என்றால் எந்தக் கலம்?

திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உயிரியல் படிக்க வருவார்கள். குருதிச் சுற்றோட்டம் முடித்த அன்று, போனில் கிடந்த ஒரு பழைய படத்தை அவர்களுக்குக் காட்டினேன். கறுப்புப் பின்னணியில் கிளைவிட்டுப் போகும் ஒரு பச்சைக் குழாய். அதன் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் புடைப்புகள். நடுநடுவே நீலப் பொட்டுகள். எலியின் மூளையிலிருந்து எடுத்த நுண்குருதிக்குழாய் அது. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தபோது நானே எடுத்த படம்.

"டீச்சர், மூளைக்குள்ள இவ்வளவு வடிவான கலரே?" என்று ஒருத்தி கேட்டாள்.

மூளைக்குள் அப்படி ஒரு கலரும் இல்லை. மெல்லிதாகச் சீவிய மூளையைச் சும்மா நுணுக்குக்காட்டியில் வைத்தால் கஞ்சித் தண்ணீர் காய்ந்த கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். அந்த நிறமெல்லாம் நாங்கள் போட்டவை. எப்படிப் போட்டோம், போட்ட பிறகு அதை எவ்வளவு நம்பலாம் என்று அன்றைக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பாடநூல்களில் உள்ளபடி கலம், இழையம், பிறபொருளெதிரி என்றே எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் செல், திசு, ஆன்டிபாடி என்று வாசித்துக்கொள்ளுங்கள். பிறபொருளெதிரி வாய்க்குள் நுழையக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் உடலுக்குள் வந்த பிற பொருளுக்கு எதிரி என்று அதன் வேலையைப் பெயரே சொல்லிவிடுகிறது.

குழாயின் சுவரில் யார் யார்?

மூளையின் எடை உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 பங்கு அதற்குப் போகிறது. இவ்வளவையும் கொண்டுபோய்க் கொடுப்பவை மயிர்க்குழாய்கள் என்ற மிக நுண்ணிய குருதிக்குழாய்கள். ஒரு மனித மூளையில் உள்ளவற்றை எல்லாம் முடிந்து நீட்டினால் 600 கிலோமீற்றர் அளவில் வரும் என்பது கணக்கு. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு 260 கிலோமீற்றர் சொச்சம். போய்த் திரும்பி வந்த பிறகும் கந்தளாய்க்கு ஒரு தரம் போய்வரக் குழாய் மிஞ்சும். அகலமோ மிகக் குறைவு. ஒரு செங்குழியத்தின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏழெட்டுப் பங்கு. அதுவே இந்தக் குழாய்களுக்குள் உடம்பை வளைத்துக்கொண்டு ஒற்றை வரிசையில்தான் போகிறது.

மூளைக் குழாய்களின் சுவர் மற்ற இடத்துச் சுவர் மாதிரி இல்லை. 1885இல் ஜேர்மனியில் போல் ஏர்லிக் விலங்குகளின் குருதிக்குள் சாயம் ஏற்றிப் பார்த்தார். உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் மாறவில்லை. மூளைக்கு அந்தச் சாயம் ஒட்டாது போல என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்குள்ளேயே நேராக விட்டார். மூளை நன்றாக நீலமானது, உடம்பின் மற்றப் பகுதி மாறவில்லை. அப்படியானால் சாயம் ஒட்டாமல் இல்லை, நடுவில் ஏதோ மறிக்கிறது. எது மறிக்கிறது என்று கண்ணால் காண 1967 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் ரீஸ், கார்னோவ்ஸ்கி இருவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில், குழாயின் உட்சுவர்க் கலங்கள் ஒன்றோடொன்று இறுகத் தைத்த மாதிரி இணைந்திருப்பதைக் காட்டினார்கள்.

அந்த உட்சுவர்க் கலங்களை அகவணிக் கலங்கள் என்கிறோம். குருதி நேராகத் தொடுவது இவற்றைத்தான். இவற்றுக்கு வெளியே அடிமென்சவ்வு என்று ஒரு மெல்லிய புரதப் படலம். அந்தப் படலத்துக்குள் புதைந்தபடி, குழாயைக் கைகளால் அணைத்துப் பிடித்திருக்கும் கலம்தான் பெரிசைற். 1873இலேயே ரூஜே என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டு எழுதிவிட்டார். பெயர் வைத்தது 1923இல் சிம்மர்மன். இதற்கும் வெளியே, நட்சத்திர வடிவான அஸ்ட்ரோசைற் கலங்கள் தங்கள் பாதங்களைக் குழாயைச் சுற்றி ஊன்றியிருக்கும். குழாய் கொஞ்சம் பெரிதாகி நாடி, அதாவது தமனிப் பக்கம் போனால், பெரிசைற்றின் இடத்தில் மழமழப்பான தசைக் கலங்கள் வளையம் வளையமாக வந்துவிடும்.

இதைத் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் ஒருவருக்கு இருக்கும் நீரிழிவையே சொல்லலாம். நீரிழிவு கண்ணைப் பாதிக்கும்போது விழித்திரைக் குழாய்களில் பெரிசைற்றுகள் செத்துப்போவதை 1961இலேயே கண்டிருக்கிறார்கள். விழித்திரையும் கருவில் மூளையிலிருந்து முளைத்த இழையம்தான். ஒரு நோயில் எந்தக் கலம் போனது, எது மிஞ்சியது என்று எண்ணுவதற்கு, முதலில் எது எந்தக் கலம் என்று பிரித்தறிய வேண்டும். சாதாரணச் சாயம் போட்டால் எல்லாக் கலத்தின் கருவும் ஒரே ஊதாப் பொட்டாகத்தான் தெரியும்.

ஆளைத் தேடிப் போகிறவரும் விளக்குப் பிடிக்கிறவர்களும்

ஒவ்வொரு வகைக் கலமும் தன் வேலைக்கு வேண்டிய புரதங்களைக் கூடுதலாகச் செய்யும். அகவணிக் கலங்களுக்கு இடையிலுள்ள இடுக்கை அடைப்பது குளோடின்-5 என்ற புரதம். தசைக் கலம் சுருங்குவதற்கு அல்பா அக்டின் வேண்டும். அஸ்ட்ரோசைற்றின் பாதத்தில் நீர் போய்வரும் வாயிலாக அக்குவாபோரின்-4 நெருக்கமாக நிற்கும். இந்தப் புரதங்களில் ஒன்றை மட்டும் போய்ப் பிடிக்கிற ஏதாவது கையில் இருந்தால், அதைவைத்துக் கலத்தை இனங்காணலாம்.

அந்த ஏதாவதுதான் பிறபொருளெதிரி. மனிதப் புரதம் ஒன்றை முயலுக்கு ஊசியால் ஏற்றினால், முயலின் உடல் அதை அந்நியப் பொருளாக எடுத்து, அதைப் பிடிப்பதற்கென்றே பிறபொருளெதிரி செய்யும். அந்த முயலின் குருதியிலிருந்து அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்ரைன் இருவரும் இன்னொரு வழி கண்டார்கள். பிறபொருளெதிரி செய்யும் ஒரு கலத்தை, சாகாமல் பெருகும் புற்றுக்கலத்தோடு இணைத்து, ஒரே மாதிரியான பிறபொருளெதிரியை வேண்டிய அளவு செய்துகொள்ளும் வழி. அதற்காக 1984இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிடித்தால் போதாது, பிடித்தது தெரியவும் வேண்டும். 1940களின் தொடக்கத்தில் ஹாவாட்டில் அல்பேட் கூன்ஸ் பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தைக் கட்டிப் பார்த்தார். ஒளிரும் சாயம் என்றால் என்ன என்று விளங்க வங்கிக் கவுண்டருக்குப் போனால் போதும். காசாளர் ஐயாயிரம் ரூபாய்த் தாளை ஊதா விளக்குக்குக் கீழே பிடிக்கும்போது, வெளியில் தெரியாத நூலும் இலக்கமும் பளிச்சென்று ஒளிரும் அல்லவா? கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி, தெரிகிற நிறமாகத் திருப்பித் தருகிறது அந்த மை. நாங்கள் பயன்படுத்தும் சாயங்களும் அதே குணம்தான். நீல ஒளியை வாங்கிப் பச்சையாகத் தருவது ஒன்று, பச்சையை வாங்கிச் சிவப்பாகத் தருவது இன்னொன்று. வாங்குவதை விடத் தருவதன் அலைநீளம் எப்போதும் கூட.

நடைமுறையில் பெரும்பாலும் சாயத்தை முதல் பிறபொருளெதிரியில் கட்டுவதில்லை. இரண்டு படியாகச் செய்வார்கள். திருவிழா இரவில் சுவாமிக்கு முன்னால் பெற்றோமக்ஸ் தூக்கிக்கொண்டு போனவர்களை என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது மாதிரித்தான். முயலில் செய்த முதல் பிறபொருளெதிரி இருட்டில் போய்ப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு, ஆட்டில் செய்த இரண்டாவது பிறபொருளெதிரியை விடுவோம். அதற்கு மூளையைப் பற்றி எதுவும் தெரியாது. முயலின் பிறபொருளெதிரி எங்கே நிற்கிறதோ அங்கே போய் ஒட்டுவது மட்டும்தான் அதன் வேலை. விளக்கு அதன் கையில். ஒருவருக்குப் பல விளக்குக்காரர் கிடைப்பதால் வெளிச்சமும் கூடும். ஒரே விளக்குக்காரரை முயலில் செய்த எந்தப் பிறபொருளெதிரிக்கும் பயன்படுத்தலாம், செலவும் மிச்சம்.

இதிலே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதில் நான் விழுந்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

குழாயை வெளியே எடுப்பது

மூளையைச் சீவி, அந்தச் சீவலிலேயே நிறம் போடலாம். அல்லது குழாய்களை மட்டும் தனியே பிரித்தெடுத்தும் செய்யலாம். இரண்டாவது முறை எங்கள் குசினி வேலையிலிருந்து அதிகம் விலகியதில்லை.

எலி மூளையின் மேல் சவ்வில் பெரிய குழாய்கள் நிறைய உண்டு. முதலில் மூளையை வடிதாளில் மெல்ல உருட்டினால் சவ்வு தாளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு குளிர்ந்த உப்புக் கரைசலில் மூளையைப் போட்டு, கண்ணாடிக் குழாயும் உலக்கையுமான ஒரு சின்ன உரலில் மசிப்போம். உலக்கை கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் குழாய்களும் கூழாகிவிடும். பத்துப் பதினைந்து குத்து, அவ்வளவுதான். கை பழகினால் எத்தனையாவது குத்தில் நிறுத்துவது என்று கைக்கே தெரியும்.

இந்தக் கூழில் பெரும் பங்கு கொழுப்பு. நரம்பு நார்களைச் சுற்றியுள்ள மயலின் உறை அது. தேங்காய்ப் பாலை இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் காலையில் மேலே தடித்த வெள்ளை ஏடு கட்டியிருக்கும் அல்லவா? அதைத்தான் இங்கே வேகமாகச் செய்கிறோம். டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பொருளைக் கலந்து கரைசலைத் தடிப்பாக்கி மையநீக்கியில் சுழற்றினால் மயலின் வெள்ளைத் தட்டு மாதிரி மேலே மிதக்கும், குழாய்கள் அடியில் இளஞ்சிவப்பாகப் படியும். மேலே உள்ளதை வழித்து எறிந்துவிட்டு, அடியில் உள்ளதை 40 மைக்ரோமீற்றர் கண்ணுள்ள வலையில் ஊற்றுவோம். தனிக் கலங்களும் கருக்களும் அரிதட்டில் மா இறங்குகிற மாதிரி இறங்கிவிடும், நீளமான குழாய்த் துண்டுகள் வலையில் தங்கும். வலையைத் திருப்பிப் பிடித்துக் கழுவி, கழுவிய நீரில் ஒரு சொட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், வாடைக்காற்றுக் காலத்தில் கரையில் ஒதுங்கும் அறுந்த வலைத் துண்டுகள் போல, கிளைகிளையாகக் கிடக்கும்.

வலைத் துண்டில் மீன் இல்லாதது போலவே இதிலும் சில இல்லை. அஸ்ட்ரோசைற்றின் பாதம் குழாயோடு ஒட்டியபடி வரும், உடல் அறுந்து போய்விடும். ஆகவே பிரித்தெடுத்த குழாயில் அக்குவாபோரின்-4 ஒளிர்ந்தால் பாதம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அங்கே எத்தனை அஸ்ட்ரோசைற் இருந்தன என்று அதை வைத்து எண்ண முடியாது.

மிச்ச வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழுக்கியில், அதாவது நுணுக்குக்காட்டிக்கு வைக்கும் கண்ணாடித் தகட்டில் (ஸ்லைட்), காயவைத்த குழாய்களை 4 சதவீதப் பராபோமல்டிகைட்டில் அல்லது குளிர்ந்த மெதனோலில் வைத்துக் கலங்களை அப்படியே நிலைநிறுத்துவோம். எது நல்லது என்பது பிறபொருளெதிரியைப் பொறுத்தது. குளோடின்-5 மாதிரி இணைப்புப் புரதங்களுக்கு மெதனோல் பல நேரம் நன்றாக ஒத்துவரும். பிறகு ட்ரைட்டன் என்ற சவர்க்காரம் போன்ற பொருளால் மென்சவ்வில் துளையிட்டு, ஆட்டுக் குருதியின் தெளிநீரான சீரத்தில் ஊறவைப்போம். கண்ட கண்ட இடத்தில் பிறபொருளெதிரி ஒட்டாமலிருக்க, ஒட்டக்கூடிய இடங்களை முன்கூட்டியே நிரப்பிவிடுவது இந்தச் சீரம். முதல் பிறபொருளெதிரியில் இரவு முழுவதும் 4 பாகை செல்சியசில் வைத்து, காலையில் மூன்று தரம் கழுவி, இரண்டாவதை இருட்டில் ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி கழுவ வேண்டும். கடைசியில் டாப்பி என்ற சாயம். இது டிஎன்ஏயில் ஒட்டி, எந்தக் கலமாக இருந்தாலும் கருவை நீலமாகக் காட்டும்.

பிறபொருளெதிரியும் புரதம்தான், வெக்கையில் கெடும். 2022 மார்ச்சில் இங்கே 13 மணி நேர மின்வெட்டு இருந்தபோது நான் ஏற்கெனவே ஊருக்கு வந்துவிட்டிருந்தேன். குளிர்பெட்டிக்குள் இருந்த மீனைப் பற்றி எல்லோரும் கவலைப்பட, எனக்கு அந்த ஆய்வுகூடத்துச் சின்னக் குப்பிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. 100 மைக்ரோலீற்றர், கண்ணீர் இரண்டு சொட்டு அளவு. அதற்குச் சொல்லும் விலை ஒரு தங்க மோதிரத்தின் விலை.

நான் கண்டுபிடித்ததாக நினைத்தது

சேர்ந்து இரண்டாவது மாதம். எலி மூளைச் சீவலில் தசைக் கலத்தின் அல்பா அக்டினைத் தேடினேன். கையிலிருந்த முதல் பிறபொருளெதிரி எலியிலேயே செய்தது. இரண்டாவதாக, எலியின் பிறபொருளெதிரியைப் பிடிக்கும் சிவப்பு விளக்குக்காரரைப் போட்டேன். பார்த்தால், நாடி மட்டுமல்ல, மிகச் சின்ன மயிர்க்குழாய் வரைக்கும் எல்லாம் சிவப்பு. மயிர்க்குழாயில் தசை அக்டின் அவ்வளவாக இருக்காது என்றுதான் படித்திருந்தேன். ஆகவே பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுவிட்டேன் என்று, கையுறையைக் கூடக் கழற்றாமல் மேற்பார்வையாளரிடம் ஓடினேன்.

அவர் படத்தை இரண்டு விநாடி பார்த்தார். "முதலாவது போடாத வழுக்கி எங்கே?" என்றார்.

நான் அப்படி ஒன்று செய்யவில்லை. அடுத்த நாள் செய்தேன், முதல் பிறபொருளெதிரியே இல்லாமல் இரண்டாவதை மட்டும் விட்டு. அதிலும் எல்லாக் குழாயும் அதே சிவப்பு.

யோசித்துப் பாருங்கள். அது எலியின் மூளை. குழாய்க்குள் எலியின் குருதி. குருதிக்குள் எலி தனக்காகச் செய்த பிறபொருளெதிரிகள் நிறைய. எலியின் பிறபொருளெதிரியைத் தேடிப் போன என் விளக்குக்காரர் அவற்றையும் பிடித்துக்கொண்டு விசுவாசமாக ஒளிர்ந்திருக்கிறார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. வேறு இழையத்தில் இது அங்கங்கே மங்கலாகத் தெரிந்திருக்கும். குருதிக்குழாயையே ஆராய்கிறவருக்குத்தான் இது சரியாகத் தேடுகிற இடத்திலேயே, தேடுகிற வடிவத்திலேயே வந்து ஏமாற்றும். அதற்குப் பிறகு, மூளையை எடுப்பதற்கு முன் இதயத்தின் வழியே உப்புநீர் விட்டுக் குருதியைக் கழுவிவிடுவேன். எலி இழையத்துக்கு முயலில் செய்ததையோ, சாயம் நேரடியாகக் கட்டியதையோ பயன்படுத்துவேன். முதலாவது போடாத வழுக்கி ஒன்று தட்டில் எப்போதும் இருக்கும்.

இப்படித்தான் எனக்கு ஒன்று விளங்கியது. படத்தில் பச்சையாகத் தெரிவது கலம் இல்லை. ஒரு விளக்குக்காரர் ஓரிடத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். அவர் நிற்பதிலிருந்து முதலாவது நிற்கிறது, அதிலிருந்து புரதம் இருக்கிறது, அதிலிருந்து இன்ன கலம் என்று மூன்று படி நாங்கள் ஊகித்து ஏறுகிறோம். எந்தப் படியிலும் வழுக்கலாம்.

ஒரு சாட்சி போதாது

கடைசிப் படிதான் இன்னும் வழுக்கலானது. ஒரு புரதம் ஒரே வகைக் கலத்துக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அபூர்வம். என் படத்தில் பச்சை, சிடி31 என்ற புரதம். அகவணிக்கு நல்ல அடையாளம், ஆனால் குருதிச் சிறுதட்டுகளிலும் சில வெண்குழியங்களிலும் அது உண்டு. குளுக்கோசைக் கடத்தும் குளூட்-1 மூளை அகவணியில் நிறைந்திருக்கும், மனிதச் செங்குழியத்திலும் நிறைந்திருக்கும்.

பெரிசைற்தான் எல்லோரையும் அலைக்கழிப்பது. அதற்கென்று தனியாக ஒரு புரதம் இருந்தால் எவ்வளவு நல்லது! வழக்கமாகப் போடும் பிடிஜிஎஃப்ஆர்-பீற்றா என்ற, வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம் தசைக் கலத்திலும், குழாயை ஒட்டிய நார்க்கலங்களிலும் வரும். என்ஜி2 என்று இன்னொன்று. அது குழாயோடு சம்பந்தமே இல்லாத, மயலின் செய்யப்போகும் இளங்கலங்களிலும் ஒளிரும். சிடி13ம் தசைக் கலத்தை விட்டுவைக்காது. ஆகவே பெரிசைற் என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பிடிஜிஎஃப்ஆர்-பீற்றா இருக்கிறதா? அதே இடத்தில் தசை அக்டின் இல்லாமல் இருக்கிறதா? கரு, குழாயின் ஓரத்தில் பட்டாணி ஒட்டிய மாதிரிப் புடைத்துக்கொண்டு, அடிமென்சவ்வுக்குள் இருக்கிறதா? அகவணியின் கரு அப்படிப் புடைக்காது, குழாயின் நீளத்துக்குத் தட்டையாக நீண்டு படுத்திருக்கும். மூன்றாவது கேள்விக்கு நிறம் பதில் சொல்லாது, வடிவத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் நிறத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

வயதான மனித மூளையில் இன்னொரு தொல்லை. நரம்புக்கலங்களுக்குள் காலப்போக்கில் சேரும் லிப்போபியூசின் என்ற கழிவு, யாரும் சாயம் போடாமலே எல்லா நிறத்திலும் ஒளிரும். ஒரே புள்ளி பச்சையிலும் சிவப்பிலும் அப்படியே தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒன்றுமே போடாத வழுக்கியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சூடான் பிளக் என்ற கறுப்புச் சாயத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் அது அடங்கும்.

இப்போது கலங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் ஆர்என்ஏயை, அதாவது புரதம் செய்வதற்கான குறிப்பை, வாசிக்கும் முறை வந்துவிட்டது. 2018இல் எலி மூளைக் குழாய்க் கலங்களுக்கு அப்படி ஒரு பட்டியலே வெளியானது. எந்தக் கலம் எந்தப் புரதத்தைச் செய்யக்கூடும் என்று அதில் தேடிப் பார்த்துப் பிறபொருளெதிரியைத் தெரிவு செய்யலாம். ஆனால் கலத்தைக் கழற்றி எடுத்துவிட்டால் அது குழாயின் எந்த வளைவில், யாருக்குப் பக்கத்தில் இருந்தது என்ற விபரம் போய்விடும். அதற்குத் திரும்பவும் வழுக்கிக்குத்தான் வர வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் இறக்கி, என் படத்தின் மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பிரித்து, நீலக் கருக்களை எண்ணச் சொன்னேன். மொத்தம் 14. பச்சைக்குள் தட்டையாகப் படுத்திருந்தவை 9. சிவப்பு சுற்றியிருந்த புடைப்புகள் 4. மூளைக்குள் இவ்வளவு கலரா என்று கேட்ட அதே பிள்ளை மிச்சமிருந்த ஒன்றில் விரலை வைத்து, "இதில பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை டீச்சர், இது ஆர்?" என்றாள்.

குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில், வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்த கரு. இத்தனை வருடம் அந்தப் படத்தை வைத்திருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. குழாயோரம் குந்தியிருந்து கழிவு தின்னும் பெருந்தின்கலமாக இருக்கலாம் என்றேன். அந்தக் கலத்தின் அடையாளப் புரதமான சிடி206க்கு ஒரு பிறபொருளெதிரி போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்கு நான் போடவில்லை.